எதிர்த்த சன்னல்

இந்தப் பை என் மடியிலேயே இருக்கட்டும் தாயி. மேல வைக்க வேண்டாம். உள்ள துணிமணி கிடையாது, தீர்ப்பு இருக்கு. மூணு தீர்ப்பு. முன்சீப் கோர்ட்டு ஒண்ணு, சப் கோர்ட்டு ஒண்ணு, மதுரை ஐகோர்ட்டு ஒண்ணு. கசங்கிட்டா வக்கீலம்மா வருத்தப்படும். நீ மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். மாட்டுத்தாவணியில இறங்கி ஐகோர்ட்டுக்கு இன்னொரு பஸ் பிடிக்கணும். நீயே அந்த ஓரத்துல இருந்துக்க. எனக்குச் சன்னல்னாலே ஆகாது.

ஏன்னு நீ கேக்கல. இருந்தாலும் சொல்லுதேன். மதுரை வரைக்கும் சும்மாதானே உக்காந்திருக்கப் போறோம்.

என் பேரு சீனியம்மா. சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டயரானவ. முப்பத்தோரு வருசம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருக்கேன், ஒரு பிள்ளை என்னைக் குறை சொன்னது கிடையாது. கோவில்பட்டியில சொந்த வீடு. வீட்டுக்காரர் தவறிட்டார். மகளை ஓசூர்ல கட்டிக்குடுத்திருக்கு. இங்க நான் தனிதான். பக்கத்து வீட்டுல அன்னபாக்கியம். அவளும் தனிதான், மகன் மஸ்கட்ல இருக்கான். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு சந்து. மூணேகால் அடி. இது நான் சொல்லல தாயி, கோர்ட்டு கமிஷனர் டேப்பு வச்சு அளந்தது.

என் அடுப்படியில சந்தைப் பாத்து ஒரு சன்னல். வீடு கட்டும்போதே வச்சது. எதிர்ல அவ வீட்டு மொட்டைச் சுவரு. பதினெட்டு வருசம் அந்தச் சுவரைப் பாத்துத்தான் சமைச்சேன், எனக்கு ஒரு குறையும் இல்ல. ஒம்பது வருசத்துக்கு முன்னால ஒருநாள் கொத்தனார் வந்து டொக்கு டொக்குன்னு இடிக்கான். சாயந்திரம் பாத்தா சுவத்துல ஓட்டை. மறுநாள் பாத்தா சன்னல். என் சன்னலுக்கு நேரே. ஒரு சாண் தள்ளி வைக்கக் கூடாதா? நேரே வச்சிருக்கா. அடுப்படியில புகை போகலையாம். புகை போறதுக்கு என் மூஞ்சிக்கு நேராவா வழி வேணும்?

அன்னையில இருந்து நான் என்ன செஞ்சாலும் அவ பாக்கா. வெங்காயம் உரிச்சா பாக்கா. மூக்கைச் சிந்துனா பாக்கா. நின்னுக்கிட்டே ரெண்டு வாய் சாப்பிட்டா, அதையும் பாக்கா. எப்படித் தெரியும்ங்கிறியா? நான் பாக்கும்போதெல்லாம் அவ பாத்துக்கிட்டுதானே இருக்கா.

நல்லபடியாத்தான் சொன்னேன். "ஏ அன்னபாக்கியம், அதை அடைச்சிரு. ரெண்டு பேருக்கும் நல்லது"ன்னேன். "என் சுவரு, என் சன்னல். உனக்குக் கூச்சமா இருந்தா உன்னுதை அடைச்சுக்கோ"ன்னா. என்னுதை நான் எதுக்கு அடைக்கணும்? என்னுதுதானே மூத்த சன்னல். அன்னைக்கோட பேச்சுவார்த்தை நின்னது. வருசம் ஒம்பதாச்சு, ஒரு வார்த்தை கிடையாது.

நேரா தளவாய் வக்கீல்கிட்ட போனேன். அவர் எல்லாத்தையும் கேட்டுட்டு, "அம்மா, உங்க அந்தரங்கம் பாதிக்கப்பட்டிருக்கு"ன்னார். எனக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னு அதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. உடனே கேசு போடச் சொல்லிட்டேன். நான் வாதி, அவ பிரதிவாதி. அந்தச் சன்னலைச் செங்கல் வச்சு அடைக்கணும்னு முன்சீப் கோர்ட்டுல வழக்கு.

கோர்ட்டுல இருந்து இடத்தைப் பாக்க ஒரு வக்கீலைக் கமிஷனரா அனுப்புனாக. சின்ன வயசுதான், பாவம். முதல்ல அவ வீட்டுக்குப் போனான். சுக்குக் காப்பி குடுத்தா, கூட ரெண்டு அதிரசம். ஒண்ணரை அதிரசம்தான் தின்னான், பாதியை வச்சிட்டான். அப்புறம் இங்க வந்தான். நான் மோர் குடுத்தேன். ரெண்டு பக்கமும் நின்னு பாத்து எழுதிக்கிட்டான். அவன் போன பிறகு அந்த அரை அதிரசத்தை அவளே எடுத்துத் தின்னுட்டா. சுகர் உடம்புக்காரி, அதிரசம் திங்கலாமா? சொல்லலாம்னு பாத்தேன். பேச்சுவார்த்தை இல்லையே.

அப்புறம் குறுக்கு விசாரணை. நான் கூண்டுல நிக்கேன். அவ வக்கீல் அருமைநாயகம், குரல் அவ்வளவு தன்மையா இருக்கும். அந்தத் தன்மையை நம்பக் கூடாது.

"அம்மா, பிரதிவாதி உங்களைப் பாக்கிறாங்க. ஆனா நீங்க அவங்க பக்கம் பாக்கிறதே கிடையாது. அப்படித்தானே?"

"கிடையவே கிடையாது"ன்னேன்.

"போன ஞாயித்துக்கிழமை பிரதிவாதி வீட்டுக்கு விருந்தாள் வந்திருந்தாங்க. அன்னைக்கு அப்பளம் பொரிச்சிருக்காங்க. அந்தப் புகையாவது உங்க வீட்டுக்கு வந்துச்சா?"

"அப்பளம் இல்ல, கூழ்வத்தல்"னேன்.

கோர்ட்டே சிரிக்கு. எதுக்குச் சிரிக்காகன்னு எனக்கு விளங்கல. அப்பளத்துக்கும் வத்தலுக்கும் வித்தியாசம் தெரியாத வக்கீலைப் பாத்துச் சிரிக்காகன்னு நெனச்சேன். அவர் விடல. "எத்தனை வத்தல் இருக்கும்?"னு கேட்டார்.

"கருகுனதைச் சேத்தா, சேக்காமலா?"ன்னேன்.

ஜட்ஜ் ஐயா எழுதுறதை நிறுத்திட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். தோள் ரெண்டும் குலுங்குது. என் கஷ்டத்தைக் கேட்டு மனுசனுக்குத் தாங்கல.

அடுத்து அவ கூண்டுல ஏறுனா. தளவாய் வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வாதி காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பாங்க?" அவ என்ன சொன்னா தெரியுமா? "அஞ்சேகாலுக்கு லைட்டு எரியும். ஆனா பல்லு விளக்குறது ஆறு மணிக்குத்தான். நடுவுல ரெண்டு டம்ளர் காப்பி." ஒரு நாள் ரெண்டு நாள் பல் விளக்க நேரமாயிருக்கலாம் தாயி. அதைக் கோர்ட்டுல சொல்லி, டைப் அடிச்சு, சீல் வச்சு. இந்தா, இந்தப் பையில இருக்கு. ஐகோர்ட்டு வரைக்கும் போயிருக்கு என் பல்லு விளக்குற நேரம்.

ஆனா முன்சீப் நல்ல மனுசன். "இரு தரப்பு சாட்சியத்தையும் பரிசீலித்ததில் இவ்விரு வீடுகளிலும் ரகசியம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை எனத் தெரிகிறது. இந்நிலைக்குக் காரணம் புதிதாகத் திறக்கப்பட்ட சன்னலே. இரண்டு மாதத்திற்குள் அதை அடைக்க வேண்டும்"னு தீர்ப்பு. எனக்கு மனப்பாடம். முதல் தீர்ப்பு மொத்தமும் மனப்பாடம்.

சாத்தூர் வந்திருச்சா? ஆள் ஏறட்டும், ஏறட்டும். நீ நகராத.

அவ சும்மா இருந்தாளா? சப் கோர்ட்டுல அப்பீல். முதல் காரியமா, அப்பீல் முடியிற வரைக்கும் சன்னலை அடைக்க வேண்டாம்னு தடை உத்தரவு. கொத்தனாரை நான் சொல்லி வச்சிருந்தேன், அவனைத் திருப்பி அனுப்ப வேண்டியதாப் போச்சு. சரி, அப்பீல்ல எல்லாத்தையும் முதல்ல இருந்து சொல்லலாம், வத்தல் விசயத்தைக் கொஞ்சம் திருத்திச் சொல்லலாம்னு இருந்தேன். தளவாய் வக்கீல் சொல்லுதார், "அம்மா, அங்க உங்களைக் கூப்பிடவே மாட்டாங்க. கீழ்க் கோர்ட்டுல நீங்க சொன்னதை எழுதி வச்சிருக்குல்ல, அதைத்தான் படிச்சுப் பாப்பாங்க"ன்னு. என்ன நியாயம் இது? என்னைப் பாக்காம, சன்னலைப் பாக்காம, காகிதத்தைப் பாத்து எப்படித் தெரியும்? அதுதான் அப்பீலாம்.

அப்பீல் நடந்துக்கிட்டு இருக்கும்போதுதான் அந்தக் கூத்து.

ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில ஏழரைக்கு அவ சுகர் மாத்திரை போட்டா. போட்டவ அரைமணி நேரத்துல சாப்பிடணும்ல. எட்டாச்சு, சாப்பிடல. தோசைக்கல்லை அடுப்புல வச்சா. எட்டேகாலுக்கு ஆளைக் காணோம். கல்லு புகையுது. நான் பாக்கல தாயி, கண்ணுல பட்டுச்சு. கொஞ்சம் எக்கிப் பாத்தா தரையில காலு ரெண்டும் தெரியுது. மேல ஆளு தெரியல. "ஏ அன்னபாக்கியம், ஏ அன்னபாக்கியம்"னு கத்துனேன். அது பேச்சுல சேராது, கூப்பாடு. பதில் இல்ல.

செம்புல இருந்த தண்ணியை அப்படியே சன்னல் வழியா வீசுனேன். காலு அசையல. நூத்தியெட்டுக்குப் போன் போட்டுட்டு, சந்து வழியா அவ புறவாசலுக்கு ஓடுனேன். நல்லவேளை கதவு சாத்தல. அடுப்பை நிறுத்திட்டு, அவ தலையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டேன். கை ஐஸ் மாதிரி இருந்துச்சு, முகமெல்லாம் வேர்வை. வண்டி வர்ற வரைக்கும் அவளைத் திட்டிக்கிட்டே இருந்தேன். என்னென்ன திட்டினேன்னு ஞாபகம் இல்ல.

ஆஸ்பத்திரியில டாக்டர், "எத்தனை மணிக்கு மாத்திரை போட்டாங்க, என்ன சாப்பிட்டாங்க?"ன்னு கேக்கார். சொன்னேன். ஏழரைக்கு மாத்திரை, பச்சைத்தண்ணி கூடக் குடிக்கல, முந்தின ராத்திரி ஒரே ஒரு இட்லி, அதுவும் பாதியை வச்சிட்டான்னேன். "சரியாச் சொன்னீங்க, இல்லைன்னா கஷ்டமாயிருக்கும்"னார். அப்புறம் சீட்டு எழுதுற ஆள் வந்தான். "நோயாளிக்கு நீங்க என்ன வேணும்?"னான். "வாதி"ன்னேன். அவன் என்னை ஒரு மாதிரியாப் பாத்துட்டு எழுதிக்கிட்டான். பிறகு பாத்தா என் பேரு இருக்க வேண்டிய இடத்துல வாதியம்மாள்னு எழுதியிருக்கான்.

மூணாம் நாள் அவ வீட்டுக்கு வந்துட்டா. நேர்ல ஒண்ணும் சொல்லல. அருமைநாயகம் வக்கீல் மூலமா நன்றின்னு சொல்லிவிட்டா. நான் தளவாய் வக்கீல் மூலமா பரவாயில்லைன்னு சொல்லிவிட்டேன்.

ஆனா தளவாய் வக்கீல் தலையில கை வச்சுக்கிட்டார். "எதிர்த்தாப்புல பாக்கவே மாட்டேன்னு சத்தியப் பிரமாணம் பண்ணியிருக்கீங்க. மாத்திரை போட்ட நேரம் வரைக்கும் ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கீங்க"ன்னார்.

"அப்ப அப்படியே விட்டிருக்கணுமா?"

"நான் அப்படிச் சொல்லுவேனாம்மா. தெருவுல போகும்போது வாசல் வழியா பாத்தேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"கோர்ட்டுக்குப் போறவ பொய் சொல்லலாமா? நான் சன்னல் வழியாத்தான் பாத்தேன்"னேன்.

அப்பீல்ல புதுசா சாட்சியம் எடுக்க மாட்டாகன்னு சொன்னேன்ல? அருமைநாயகம் ஒரு மனு போட்டார். கீழ்க் கோர்ட்டுல தீர்ப்பான பிறகு நடந்த சம்பவம், முக்கியமான ஆவணம், இதைச் சேத்துக்கணும்னு. என்ன ஆவணம்? அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு. வாதியம்மாள் சீட்டு. சேத்துக்கிட்டாக. சப் ஜட்ஜ் ஒரு அம்மா. அதே வத்தல், அதே பல்லு, அதே அளவு, எல்லாத்தையும் திரும்பப் படிச்சுட்டு, முன்சீப் தீர்ப்பைத் தலைகீழாப் புரட்டிட்டாக. "வாதி ஆட்சேபிக்கும் சன்னல் இல்லாதிருந்தால், பிரதிவாதி இந்த மேல்முறையீட்டை நடத்த உயிரோடு இருந்திருக்க மாட்டார்"னு எழுதியிருக்காக. நீயே சொல்லு தாயி. அவ உயிரைக் காப்பாத்துனது நான். பேரு சன்னலுக்கு.

விட முடியுமா? மதுரை ஐகோர்ட்டு. தளவாய் வக்கீலே ரெஜினா வக்கீலம்மாகிட்ட அனுப்பி வச்சார். நல்ல பொறுமைசாலி. அது முதல்லயே சொல்லிருச்சு, "அம்மா, இது ரெண்டாவது அப்பீல். வீட்டுல என்ன நடந்துச்சுன்னு இங்க கேக்க மாட்டாங்க. சட்டக் கேள்வி ஏதாவது இருக்கான்னுதான் கேப்பாங்க"ன்னு.

"கேள்விதானே, இருக்கு"ன்னேன். "அவ எதுக்குப் பாக்கா?"

"அது சட்டக் கேள்வி இல்லம்மா."

"அப்ப, அவ பாக்கலாமா?"

ரெஜினா பேனாவை எடுத்துச்சு. "இது பக்கத்துல வருது"ன்னு சொல்லி எழுதிக்கிட்டுச்சு. என் கேள்விதான் தாயி. அதை இங்கிலீசுல நாலு வரியா நீட்டி எழுதியிருக்கு. இந்தப் பையிலதான் இருக்கு.

ஐகோர்ட்டுல எங்க கேசு எடுத்தது பத்து நிமிசம் இருக்கும். ஜட்ஜ் ஐயா வயசானவர். கேசுக்கட்டைப் புரட்டிப் பாத்தார். வத்தல் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "ரெண்டு பேரும் வந்திருக்காங்களா?"ன்னார். எந்திரிச்சு நின்னோம். ஒரே பஸ்ஸுலதான் வந்தோம், அவ முன்னால, நான் பின்னால. "இந்த அம்மாவுக்கு என்னதான் வேணும்?"னு கேட்டார். ரெஜினா, "தனிமை வேணும், ஐயா"ன்னுச்சு. அவர் அன்னபாக்கியத்தைப் பாத்து, "ஒரு திரை போட்டுக்கிட்டா என்னம்மா?"ன்னார். அவ உடனே, "போடுதேன் ஐயா, பச்சைத் துணி ஒண்ணு வீட்டுல கிடக்கு"ன்னுட்டா. அவ்வளவுதான். அதை எழுதிக்கிட்டு, சட்டக் கேள்வி எதுவும் இல்லைன்னு என் அப்பீலைத் தள்ளிட்டாக. என் கேள்விக்குப் பதிலே சொல்லல.

இது நடந்து இருபத்தி மூணு நாள் ஆச்சு. திரை போட்டுட்டா. முதல் நாள் நிம்மதியாச் சமைச்சேன். ரெண்டாம் நாளும் நிம்மதி. மூணாம் நாளு, எப்பப் பாத்தாலும் பச்சைத் துணி. அந்தப் பக்கம் பாத்திரம் விழுது. என்ன பாத்திரம்? தெரியல. இருமுதா. எத்தனை நாளா இருமுதா? தெரியல. மாத்திரை போட்டாளா, போட்டவ சாப்பிட்டாளா, ஒண்ணும் தெரியல. முந்தாநாள் காலையில எட்டு மணி வரைக்கும் ஒரு சத்தம் இல்ல. நான் அடுப்பை அமத்திட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, சன்னல் கம்பியைப் பிடிச்சு நிக்கேன். எட்டு அஞ்சுக்குத் தும்முனா. அதுக்குப் பிறகுதான் உலை வச்சேன். ஒரு மனுசி இப்படி மறைச்சு மறைச்சு வாழலாமா? பக்கத்துல ஆள் இருக்குன்னு ஒரு நினைப்பு வேண்டாமா?

அதுக்குத்தான் இப்ப போறேன். தீர்ப்புல தெளிவு கேட்டு ஒரு மனு. திரை போடணும்னுதானே சொன்னாக? எந்நேரமும் மூடியே வைக்கணும்னு உத்தரவுல எங்கயாவது இருக்கா? நானும் கண்ணாடி போட்டுப் படிச்சுட்டேன், எங்கயும் இல்ல. காலையில ஏழரையில இருந்து எட்டரை வரைக்கும் விலக்கி வைக்கணும்னு ஒரு வரி சேத்துத் தந்தாப் போதும். ராத்திரி சாப்பாட்டு நேரத்துல ஒரு அரைமணி. அதிகமா ஒண்ணும் கேக்கல.

போன்ல சொன்னப்ப ரெஜினா, "சன்னலை மூடணும்னு கேசு போட்டதே நீங்கதானேம்மா?"ன்னு கேக்குது. ஆமா, நான்தான். மூடுறதுன்னா செங்கல்லுல மூடணும். துணியில மூடுனா அது மூடுறதா? அது ஒளிக்கிறது. இந்த வித்தியாசம் வக்கீலுக்குப் படிச்ச பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

என்ன சொல்லுத? அவகிட்டயே போய்க் கேக்கலாமேங்கிறியா? அதெப்படி தாயி. கேசு நடக்கும்போது எதிராளிகிட்ட நேர்ல பேசுனா கேசு கெட்டுரும்.

இரு, போன் அடிக்கு. என்னுதுதான். கண்ணாடி பைக்குள்ள கிடக்கு, யாருன்னு நீ பாத்துச் சொல்லு. பிரதிவாதின்னு வருதா? அவதான். என் நம்பர் கேசுக்கட்டுல இருக்குல்ல, அதுல பாத்திருப்பா. என்னத்துக்குக் கூப்பிடுதா? நான் எடுக்க மாட்டேன். நீ எடு தாயி. பக்கத்து சீட்டுக்காரின்னு சொல்லு.

என்ன சொல்லுதா? அடுப்படிக் குழாயா? அட ஆமா, தண்ணி வரலைன்னு திறந்து விட்டேன். அப்படியே வந்துட்டேனா? தண்ணி நிறைஞ்சு சந்துல ஓடுதாமா? சரி, அது எங்க வீட்டுக் குழாய்னு அவளுக்கு எப்படித் தெரியும்? கேளு. நீ கேளு.

திரையை விலக்கிப் பாத்தாளாமா?

காலையில இருந்து என்னைக் காணோமேன்னு பாத்தாளா? அப்படியா சொன்னா? தாயி, சரியாச் சொல்லு. "காணோம்"னு சொன்னாளா, "காணோமே"ன்னு சொன்னாளா? காணோமேன்னா. சரி, சரி.

புறவாசல் சாவி மீட்டர் பெட்டி மேல இருக்குன்னு சொல்லு. தெரியுமாமா? பாத்தியா, நான் சாவி வைக்கிற இடத்தைக்கூடப் பாத்து வச்சிருக்கா. குழாயை மூடிட்டு, அந்தத் தரையில வழுக்கிராம வரச் சொல்லு. வச்சிராத, இரு. மாத்திரை போட்டாச்சா, சாப்பிட்டாச்சான்னு கேளு. நான் கேட்டதாச் சொல்லாத, நீயாக் கேக்குற மாதிரி கேளு. கம்பங்கூழா? இருமலுக்கு அது ஆகாதே. சரி, நாம எதுக்கு அதைச் சொல்லணும். வச்சிரு.

மனுவா? எதுக்கு வேண்டாம்ங்கிற? இப்பத்தானே கேசு பலமாயிருக்கு. திரை போட்ட பிறகும் பாக்கா. தன் வாயாலேயே ஒத்துக்கிட்டா. நீதான் உன் காதால கேட்டியே. ஐகோர்ட்டுல சாட்சி விசாரிக்க மாட்டாக, அது எனக்கும் தெரியும். நாம போய்ச் சொல்லித்தான் பாப்போமே. மாட்டுத்தாவணியில இருந்து கிட்டத்தான், ஒரு மணி நேரத்துல உன்னை அனுப்பிருதேன்.

இந்தா, இந்தக் காகிதத்துல எழுதிக்கிடுதேன். உன் முழுப்பேரு என்ன தாயி? மெதுவாச் சொல்லு, பஸ் ஆடுது. அப்பா பேரு?